சனிக்கிழமை யார் சறுக்கப்போகிறார்கள்? கல்லூரி ஃபுட்பால் முன்னோட்டத்தைப் படிக்கப் பழகுவோம்

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை. அன்றைய அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அட்டவணையை இரண்டு நாள் முன்னால் எடுத்துப் பார்த்திருந்தால் பெரிதாக ஒன்றும் தோன்றியிருக்காது. தரவரிசையின் முதல் 25 இடங்களில் இருக்கும் இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதும் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் பெரிய அணி சின்ன அணியோடு ஆடி ஜெயித்துவிட்டுப் போகப்போகிற ஆட்டங்களாகத்தான் தெரிந்தன. அன்றிரவு எல்லாம் முடிந்து பார்த்தால், முதல் 11 இடங்களில் இருந்த அணிகளில் 5 தோற்றிருந்தன. முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று வீழ்த்தியிருந்தது. அந்த வாண்டர்பில்ட், முந்தைய சீசனில் 12 ஆட்டங்களில் இரண்டே இரண்டில்தான் ஜெயித்திருந்தது.

நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கம் இதற்கு ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறது: கத்துக்குட்டி அணி பெரிய அணிக்கு அதிர்ச்சி வைத்தியம் கொடுத்தது. அமெரிக்காவில் இதை அப்செட் என்கிறார்கள். வியாழன், வெள்ளியில் வெளிவரும் வார இறுதி முன்னோட்டங்களில் பாதிக்கு மேல் இந்த அப்செட்டைப் பற்றித்தான் பேச்சு. எந்த ஆட்டத்தில் பெரிய தலை உருளும்?

அலபாமா தோற்கும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால், இந்த ஆட்டத்தில் ஒரு கண் வைத்திருங்கள் என்று சொல்ல முடியும். வானிலை அறிக்கை மாதிரிதான் இதுவும். கனமழைக்கு வாய்ப்பு என்றால் உங்கள் தெருவில் கண்டிப்பாகப் பெய்யும் என்று அர்த்தமில்லை, குடையை எடுத்துக்கொள் என்று அர்த்தம். அந்தக் குடையை எப்போது எடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். வாண்டர்பில்ட் ஆட்டத்தில் மேகம் வியாழக்கிழமையே திரண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி

ஃபுட்பால் என்றதும் நாம் காலால் உதைத்து விளையாடும் கால்பந்து என்று நினைத்துவிட வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுவதும், தூக்கி எறிவதும், ஓடுகிறவரை மடக்கிச் சாய்ப்பதுமான அமெரிக்க ஆட்டம் இது. பக்கத்துக்கு 11 பேர். 100 யார்டு மைதானம். யார்டு என்பது நம்ம ஊர்க் கெஜம்தான், மூன்றடி. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக 4 வாய்ப்பு கிடைக்கும். எதிராளியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒரு புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் நின்ற இடத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளி.

மூன்று டவுன் போயும் 10 யார்டு தேறவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிராளியின் பக்கம் தூர உதைத்துவிடுவார்கள். ஆகவே மூன்றாவது டவுன்தான் இந்த ஆட்டத்தின் நாடி. அதில் தேறுகிற அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கடிகாரத்தையும் மனதில் வையுங்கள். ஆட்டம் 15 நிமிடம் கொண்ட 4 குவார்ட்டர்கள். பந்தோடு ஓடி மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் பொதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். கத்துக்குட்டிகளின் பிழைப்பே இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

ஆடுகிறவர்கள் மாணவர்கள். பெரும்பாலும் 18 வயதிலிருந்து 22, 23 வரை. மேல் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிவரை அணிக்கு 12 ஆட்டங்கள். வாரம் ஒன்று, அநேகமாகச் சனிக்கிழமை. இந்த வயதையும் வாரக்கணக்கையும் மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

தரவரிசையை நம்பாதீர்கள், புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள்

அணிப் பெயருக்கு முன்னால் ஓர் எண் இருந்தால் அது தரவரிசை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் நடத்திவரும் வாக்கெடுப்புதான் இதில் பழையது, பிரபலமானது. விளையாட்டுச் செய்தியாளர்கள் வாரம்தோறும் 25 அணிகளை வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். அது இதுவரை நடந்ததற்குக் கொடுத்த மார்க். வருகிற சனிக்கிழமை யார் ஜெயிப்பார் என்று அதை வைத்துச் சொல்வது தப்பாகப் போகும்.

சனிக்கிழமையை முன்கூட்டிப் பார்க்கும் எண் வேறொன்று இருக்கிறது. அதற்கு ஸ்ப்ரெட் என்று பெயர். இந்த அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்கிற சந்தை மதிப்பு. பந்தயச் சந்தையில் பிறந்த எண்தான். நான் இதைப் பணம் கட்டச் சொல்லிப் பேசவில்லை, கட்டவும் வேண்டாம். ஓர் ஆட்டம் எவ்வளவு ஏற்றத்தாழ்வானது என்பதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கைவசம் இல்லை என்பதால் சொல்கிறேன். காயம், சொந்த மைதானம், பயணம், ஓய்வு எல்லாம் அதற்குள் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

ஸ்ப்ரெட் 3 என்றால் ஒரு ஃபீல்டு கோல் வித்தியாசம். கிட்டத்தட்ட சம பலம். 7 என்றால் ஒரு டச்டவுன். இந்த அளவு ஆட்டத்தில் சின்ன அணி ஜெயித்தால் யாரும் மூக்கில் விரல் வைக்க மாட்டார்கள். 14 தாண்டினால்தான் அப்செட் என்ற சொல்லுக்கே கனம் வருகிறது. 20-க்கு மேல் இருந்தும் சின்ன அணி ஜெயித்துவிட்டால் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

அந்த அக்டோபர் 5-க்கே திரும்புவோம். 9-ஆம் இடத்திலிருந்த மிசூரி, 25-ஆம் இடத்திலிருந்த டெக்சஸ் ஏ அண்டு எம் அணியிடம் 41-10 என்று நொறுங்கியது. எண்களை மட்டும் பார்த்தால் பெரிய அதிர்ச்சி. ஆனால் ஆட்டத்துக்கு முன்பே ஸ்ப்ரெட் டெக்சஸ் ஏ அண்டு எம் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. 10-ஆம் இடத்து மிஷிகன், தரவரிசையிலேயே இல்லாத வாஷிங்டனிடம் 27-17 என்று தோற்றதும் அப்படித்தான். அதே ஆண்டு ஜனவரியில் இதே இரண்டு அணிகள் தேசிய இறுதியில் மோதி, மிஷிகன் 34-13 என்று கோப்பையை வாங்கியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பயிற்சியாளர் மாறிவிட்டார், முக்கிய ஆட்டக்காரர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். மிஷிகனின் பெயர் மட்டும் பழைய பளபளப்போடு மேலே நின்றது. சந்தை அதற்கு மயங்கவில்லை. முன்னோட்டம் எழுதுகிற பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பெரிய பெயர் தோற்பது வேறு, அப்செட் வேறு.

கத்துக்குட்டி ஜெயிப்பது எப்படி?

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐந்து நாள் டெஸ்டில் சின்ன அணி பெரிய அணியை வீழ்த்துவது குதிரைக்கொம்பு. இருபது ஓவரில் நடக்கும். மழையில் ஐந்து ஓவராகச் சுருங்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். வாய்ப்புகள் குறையக் குறையத் திறமை வெளிப்பட நேரம் குறைகிறது. ஒரே ஒரு தவறு முழு ஆட்டத்தையும் புரட்டிவிடுகிறது.

ஃபுட்பாலில் ஓவரைக் குறைக்க மழை வேண்டியதில்லை. சின்ன அணியே குறைத்துக்கொள்ளலாம். எறியாமல் ஓடு. மைதானத்துக்குள்ளேயே விழு. கடிகாரம் ஓடட்டும். நாலு நாலு யார்டாக நகர்ந்து பத்து நிமிடத்தைத் தின்றுவிடு. எதிராளியின் நட்சத்திரங்கள் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கட்டும். 2018 செப்டம்பர் 22 அன்று ராணுவ அகாதெமியின் ஆர்மி அணி ஐந்தாம் இடத்திலிருந்த ஓக்லஹோமாவுக்கு எதிராக இதைத்தான் செய்தது. 60 நிமிடத்தில் ஏறத்தாழ 45 நிமிடம் பந்து ஆர்மியின் கையில். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கப்போகிற கைலர் மரே ஓக்லஹோமாவில்தான் இருந்தார். அவருக்குப் பந்தே கிடைக்கவில்லை. ஓக்லஹோமா கடைசியில் கூடுதல் நேரத்தில் 28-21 என்று தப்பிப் பிழைத்தது. ஆர்மி தோற்றாலும், சின்ன அணிக்கான பாடத்தை அதைவிடத் தெளிவாக நடத்திக் காட்டிய ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆயுதம் பறிப்பது. எறிந்த பந்தை எதிரணி நடுவில் பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். ஓடுகிறவர் பந்தை நழுவவிட்டு எதிரணி அள்ளிக்கொண்டால் ஃபம்பிள். இரண்டுக்கும் பொதுப் பெயர் டர்ன்ஓவர். பெரிய அப்செட்கள் அநேகமாக எல்லாவற்றிலும் பெரிய அணி பந்தைக் கூடுதலாகப் பறிகொடுத்திருக்கும். 2007 அக்டோபர் 6-இல் லாஸ் ஏஞ்சலஸில் யூ எஸ் சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணி ஸ்டான்ஃபோர்டிடம் 24-23 என்று தோற்றது. ஸ்ப்ரெட் 41. முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டு 12-இல் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துகிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டின் குவார்ட்டர்பேக் டவீட்டா பிரிட்சர்டுக்கு அன்றுதான் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடும் வாய்ப்பு. யூ எஸ் சி-யின் ஜான் டேவிட் பூட்டி, விரல் முறிந்த கையோடு 4 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அவரை வெளியே எடுக்காமல் தொடர்ந்து ஆடவிட்டது யூ எஸ் சி செய்த பெரிய தவறு என்பதே என் எண்ணம். கடைசி நிமிடங்களில் நான்காவது டவுன், 20 யார்டு தேவை என்ற நிலையில் ஸ்டான்ஃபோர்டுக்காகப் பந்தைப் பிடித்து உயிர் கொடுத்தவர் ரிச்சர்டு ஷெர்மன். பின்னாளில் பந்தைப் பிடிக்கிறவர்களைத் தடுப்பதில் பேர்போனவர், அன்று தானே பிடிக்கிறவராக ஆடினார்.

மூன்றாவது ஆயுதம் உதை. பலர் இதைக் கவனிப்பதில்லை. நெருக்கமான ஆட்டத்தில் கடைசி மூன்று புள்ளியை முடிவுசெய்வது உதைப்பவரும், அதைத் தடுக்கப் பாய்கிறவரும்தான். இதற்கு ஓர் ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2007 செப்டம்பர் 1, மிஷிகனின் ஆன் ஆர்பர் நகரம். மைதானத்தில் 1 லட்சத்து 9 ஆயிரம் பேருக்கு மேல். மிஷிகன் அப்போது ஐந்தாம் இடம். எதிரில் வட கரோலினா மலைப்பகுதியிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட். அது மேல் பிரிவு அணியே அல்ல, அடுத்த பிரிவைச் சேர்ந்தது. அப்போது மேல் பிரிவு அணி 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம், அடுத்த பிரிவுக்கு 63 தான். சீசன் தொடக்கத்தில் பெரிய பல்கலைக்கழகம் சின்ன அணிக்குப் பணம் கொடுத்து வரவழைத்து, சொந்த ஊரில் ஓர் எளிய வெற்றியை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அன்று அப்பலாச்சியனுக்குக் கொடுத்தது 4 லட்சம் டாலர்.

ஒன்றை மட்டும் எல்லோரும் லேசாக எடுத்துக்கொண்டார்கள். அப்பலாச்சியன் தன் பிரிவில் 2005, 2006 என்று இரண்டு ஆண்டும் சாம்பியன். ஜெயித்துப் பழகிய பிள்ளைகள். குவார்ட்டர்பேக் அர்மான்டி எட்வர்ட்ஸ் எறியவும் செய்வார், ஓடவும் செய்வார். மிஷிகனின் கனத்த தடுப்பு வரிசை அவரைத் துரத்தியே களைத்தது. பாதி ஆட்டத்தில் அப்பலாச்சியன் 28-17. பிறகு மிஷிகன் மீண்டு வந்து 32-31 என்று முந்தியது. 26 நொடி மிச்சமிருக்கும்போது அப்பலாச்சியன் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 34-32. முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை. மிஷிகனின் சாட் ஹென்னி ஒரு நீளப் பந்தை எறிய, மேரியோ மேனிங்ஹாம் பிடித்துவிட்டார், 46 யார்டு. இப்போது மிஷிகனுக்கு 37 யார்டு ஃபீல்டு கோல். ஓரளவு சுலபமான தூரம். அடித்தால் மிஷிகன் ஜெயித்துவிடும். பந்து காலை விட்டுக் கிளம்புகிறது. ஓரத்திலிருந்து கோரி லிஞ்ச் பாய்ந்து வந்து உடம்பைக் குறுக்கே விடுகிறார். பந்து அவர் மீது மோதுகிறது. மோதிய பந்தை அவரே அள்ளிக்கொண்டு எதிர்த்திசையில் ஓட ஆரம்பிக்கிறார். அவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துபோகிறது.

தரவரிசையில் இருக்கும் மேல் பிரிவு அணியை அடுத்த பிரிவு அணி வீழ்த்தியது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு அசோசியேட்டட் பிரஸ் தன் விதியையே மாற்றி, அடுத்த பிரிவு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்றது. ஆகவே முன்னோட்டத்தில் ‘பணம் கொடுத்து வரவழைத்த அணி’ என்று பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வருகிற அணி தன் பிரிவில் ஜெயிக்கிற அணியா என்று மட்டும் பாருங்கள். சின்ன ஊரின் ராஜா வேறு, சின்ன ஊரிலேயே தோற்கிறவன் வேறு.

பெரிய அணியின் மனசு எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னது சின்ன அணியின் கணக்கு. அப்செட்டில் பாதிதான் அது. மறுபாதி பெரிய அணியின் மனநிலை. 19, 20 வயதுப் பிள்ளைகள் என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது.

போன வாரம் உயிரைக் கொடுத்து ஒரு பெரிய வெற்றி. அல்லது அடுத்த வாரம் பரம எதிரியோடு ஆட்டம். நடுவில் இந்த வாரம் பேர் தெரியாத ஓர் அணி. பயிற்சியாளர் எவ்வளவு கத்தினாலும் உடம்பு வரும், மனசு வராது. இதை ட்ராப் கேம், அதாவது பொறி ஆட்டம் என்கிறார்கள். அட்டவணையில் ஓர் ஆட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் சேர்த்து மூன்றாகப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் முன்னோட்டம் எழுதுகிறவர்கள் சொல்வதில் பாதி தானே புரிந்துவிடும்.

நோட்ரே டேம் அணிக்கு 2024-இல் நடந்தது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஆகஸ்ட் 31 அன்று டெக்சஸ் ஏ அண்டு எம்-ஐ அதன் பிரம்மாண்ட மைதானத்திலேயே 23-13 என்று ஜெயித்துவிட்டு, ஐந்தாம் இடத்துக்கு ஏறி, ஊர் திரும்பியது. ஒரே வாரம் கழித்து செப்டம்பர் 7 அன்று சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாய். வந்து ஆட 14 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். ஸ்ப்ரெட் 28-ஐத் தாண்டியது. நோட்ரே டேம் இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தது. 31 நொடி மிச்சமிருக்கும்போது நார்தர்ன் இல்லினாய் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 16-14 என்று முந்தியது. நோட்ரே டேமின் கடைசி ஃபீல்டு கோல் முயற்சியையும் தடுத்துவிட்டது. நார்தர்ன் இல்லினாயின் பயிற்சியாளர் தாமஸ் ஹாமக் மைக்கின் முன்னால் நின்று கண்ணீர் விட்டார். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்து, ஆடியவர் அவர்.

சரி, இப்போது வாண்டர்பில்ட்

வியாழக்கிழமை மேகம் திரண்டிருந்தது என்று சொன்னேன். பார்த்துவிடுவோம்.

அலபாமாவின் பக்கம்: முந்தைய சனிக்கிழமை, செப்டம்பர் 28, இரண்டாம் இடத்து ஜார்ஜியாவை 41-34 என்று ஜெயித்தது. 28-0 என்று முன்னிலையில் இருந்து, பிறகு பின்தங்கி, 17 வயது ரயன் வில்லியம்ஸ் 75 யார்டு டச்டவுனைப் பிடித்த பிறகு மீண்ட ஆட்டம். நாடே பேசியது. அதனால்தான் முதலிடம் கிடைத்தது. அப்படி ஒரு சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமையில் 20 வயதுப் பையனின் மனசு எங்கே இருக்கும்? இன்னொன்றும் இருந்தது. 28-0 என்று இருந்த ஆட்டத்தை ஜார்ஜியா எறிந்து எறிந்தே திருப்பியது. அலபாமாவின் பின்வரிசைத் தடுப்பில் ஓட்டை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வாண்டர்பில்ட்டின் பக்கம்: அதற்கு முந்தைய வாரம் ஆட்டமே இல்லை. தயாராக இரண்டு வாரம். கடைசியாக ஆடியது மிசூரியோடு, அதன் ஊரில், இரட்டைக் கூடுதல் நேரம்வரை இழுத்துப்போய் 30-27 என்றுதான் தோற்றது. குவார்ட்டர்பேக் டியேகோ பவியா புது ஆள், நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து வந்தவர். அங்கே இருந்தபோது 2023 நவம்பரில் ஆபர்ன் அணியை அதன் மைதானத்திலேயே 31-10 என்று சாய்த்தவர். ஆபர்னும் அலபாமா மாநிலத்து அணிதான், பணம் கொடுத்து வரவழைத்த ஆட்டம்தான். அந்த வெற்றியின் பயிற்சியாளர் ஜெர்ரி கில்லும், தாக்குதல் ஆட்டத்தை வகுத்த டிம் பெக்கும் பவியாவோடு வாண்டர்பில்ட்டுக்கே வந்திருந்தார்கள். பெரிய மைதானம், பெரிய பெயர் எதற்கும் இந்த மூவர் பயப்படப்போவதில்லை. அதுமட்டுமா, பவியா ஓடுகிற குவார்ட்டர்பேக். கடிகாரத்தைத் தின்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

ஸ்ப்ரெட் 20-க்கு மேல் இருந்தது. தரவரிசையின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருக்கும் அணிகளோடு அதுவரை ஆடிய 60 ஆட்டங்களிலும் வாண்டர்பில்ட் தோற்றிருந்தது. அலபாமாவைக் கடைசியாக ஜெயித்தது 1984-இல். இதையெல்லாம் வைத்துக்கொண்டு வாண்டர்பில்ட் ஜெயிக்கும் என்று எழுதுவது மடத்தனமாகத்தான் தெரிந்திருக்கும். குடையை எடுத்துக்கொள் என்று எழுதுவது நியாயமாக இருந்திருக்கும்.

ஆட்டம் தொடங்கியதுமே வாண்டர்பில்ட் ஒரு டச்டவுன் போட்டது. பிறகு அலபாமா எறிந்த ஒரு பந்து, பிடிக்க வேண்டியவரின் கையில் பட்டு மேலே தெறித்தது. அதைப் பறித்த ராண்டன் ஃபாண்டனெட் 29 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 13-0. அதன் பிறகு நடந்தது முழுக்க முழுக்க மேலே சொன்ன கணக்கு. 60 நிமிடத்தில் 42 நிமிடம் பந்து வாண்டர்பில்ட்டிடம். மூன்றாவது டவுன் 18 முறை வந்தது, 12 முறை தேறினார்கள். முதலிடத்து அணிக்கு எதிராக இது சாதாரண எண் இல்லை. பவியா 20 பந்து எறிந்து 16 பிடிபட்டன, 252 யார்டு. அலபாமா ஒவ்வொரு முறை நெருங்கி வந்தபோதும், அடுத்த முறை பந்து கிடைக்க அரை குவார்ட்டர் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டு நிமிடச் சொச்சமும் பந்து வாண்டர்பில்ட்டிடமே இருந்தது. அலபாமா நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மாணவர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஒரு கோல் கம்பத்தைப் பிடுங்கி, தோளில் சுமந்துகொண்டு நாஷ்வில் நகரத் தெருக்கள் வழியாக நடந்து, கம்பர்லண்டு நதியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததற்காகப் பல்கலைக்கழகம் 1 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

தடயம் கிடைக்காத ஆட்டங்களும் உண்டு

எல்லாவற்றையும் இப்படிப் படித்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். அதே நாளில் நான்காம் இடத்து டென்னசி, ஆர்கன்சாவிடம் 19-14 என்று தோற்றது. டென்னசிக்கும் முந்தைய வாரம் ஓய்வுதான். களைப்பு என்று காரணம் சொல்ல வழியில்லை. ஆர்கன்சாவின் முதல் குவார்ட்டர்பேக் அடிபட்டு வெளியேற, மாற்று ஆளாக வந்த மலாக்கை சிங்கிள்டன் ஒன்றேகால் நிமிடம் மிச்சமிருக்கும்போது ஓடி டச்டவுன் போட்டார். இதை வியாழக்கிழமை எப்படித்தான் பார்ப்பது? பார்க்க முடியாது.

11-ஆம் இடத்து யூ எஸ் சி, மினசோட்டாவிடம் 24-17 என்று தோற்றதில் ஒரு தடயம் உண்டு: பயணம். லாஸ் ஏஞ்சலஸ் அணிகள் அந்த ஆண்டுதான் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் கூட்டமைப்பான பிக் டென்னில் சேர்ந்தன. அதுவரை மேற்குக் கரைக்குள்ளேயே பெரும்பாலும் ஆடிப் பழகியவர்கள், இப்போது வாரம் விட்டு வாரம் நாட்டின் நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும் பறக்க வேண்டும். சொந்த மைதானத்துக்கு 2, 3 புள்ளி பெறுமானம் என்பது பழைய கணக்கு. நீண்ட பயணம், இரவு ஆட்டம், காதைப் பிளக்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் அதைவிடக் கூடும். கூட்டம் கத்தும்போது குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அவசரத்தில் ஒருவர் முன்கூட்டி நகர்ந்துவிடுவார், 5 யார்டு போய்விடும். காற்றும் மழையும் எறிகிற அணியைத்தான் அதிகம் பாதிக்கும். முன்னோட்டத்தில் இவையெல்லாம் ஒரு வரியில் வரும், தவறவிடாதீர்கள்.

தோற்றால் என்ன ஆகும்?

முன்பு ஓர் அப்செட் என்றால் அந்த சீசனே போனது மாதிரி. இரண்டே அணிகளுக்கு, பிறகு 2014 முதல் நான்கே அணிகளுக்குத்தான் கோப்பைப் போட்டியில் இடம். விதிவிலக்குகளும் உண்டு, அதில் பெரியது 2007. அந்த ஆண்டு பெரிய அணிகள் எல்லாமே மாற்றி மாற்றி விழுந்ததால் இரண்டு தோல்வியோடு எல் எஸ் யூ (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) சாம்பியன் ஆனது. 2024 சீசனிலிருந்து 12 அணிகளுக்கு இடம். அதனால்தான் நார்தர்ன் இல்லினாயிடம் தோற்ற நோட்ரே டேம், அதற்குப் பிறகு வரிசையாக ஜெயித்து 2025 ஜனவரி 20 அன்று இறுதி ஆட்டம்வரை போக முடிந்தது. அங்கே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றது. இதனால் அப்செட்டின் ருசி குறைந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயித்த சின்ன ஊருக்கு அந்த ஒரு நாள்தான் இறுதி ஆட்டம், கோப்பை எல்லாம். எதிராளி பிற்பாடு எங்கே போனால் அவர்களுக்கென்ன?

அடுத்த சனிக்கிழமை நீங்களே ஒரு முன்னோட்டம் போட்டுப் பாருங்கள். அட்டவணையில் ஸ்ப்ரெட் 10-லிருந்து 24-க்குள் இருக்கும் ஆட்டங்களை மட்டும் எடுங்கள். பெரிய அணி போன வாரம் யாரை ஜெயித்தது, அடுத்த வாரம் யாரோடு ஆடுகிறது என்று பாருங்கள். சின்ன அணிக்கு முந்தைய வாரம் ஓய்வா, அதன் குவார்ட்டர்பேக் ஓடுகிறவரா, அதன் உதைப்பவர் நம்பகமானவரா என்று பாருங்கள். மூன்று ஆட்டம் மிஞ்சும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு: அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நண்பகல் ஆட்டம் நமக்குச் சனி இரவு 9:30. பிற்பகல் 3:30 ஆட்டம் நள்ளிரவு தாண்டி 1 மணி. மாலை 7:30 ஆட்டம் ஞாயிறு அதிகாலை 5 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். முதலிலிருந்து உட்கார்ந்து பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, பாதி ஆட்டத்தில் ஸ்கோரைப் பாருங்கள். நீங்கள் எழுதிவைத்த மூன்றில் ஏதாவது ஒன்று நாலாவது குவார்ட்டர் தொடங்கும்போது ஒரு டச்டவுன் வித்தியாசத்துக்குள் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த ஆட்டத்தை வையுங்கள்.